நூறு கூம்பின் நீளம்

8 ஜூலை, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. புஸ்வாணத்துக்கு வெறுங்கூம்பு சுருட்டும் வேலை. ஒன்றுக்குள் ஒன்று செருகி ஐம்பது ஐம்பதாகக் கொடுப்போம். ஐம்பது என்றால் 33.5 செ.மீ. போர்மேன் எண்ண மாட்டார், அளப்பார். இன்று முதல் நூறு நூறாக வேண்டுமாம். 33.5ஐ இரட்டித்து, அளவுக்குச்சியில் 67இல் கோடு போட்டுவிட்டார். என் அடுக்கு எட்டரை செ.மீ. குறைவு.

"மிச்சம் வீட்டுக்குப் போயிருச்சோ? இந்தக் களவாணித்தனம் இங்கன வேண்டாம், செல்வி."

"நூறு இருக்கு அண்ணாச்சி. எண்ணிப் பாருங்க."

"எண்ணிக்கிட்டு இருந்தா லோடு யாரு ஏத்துவா?"

இருபது பேர் முன்னால். உடம்பெல்லாம் எரிந்தது.

9 ஜூலை, புதன்

ரேஷன்: பாமாயில் மட்டும். பருப்பு இல்லை.

பக்கத்தில் உட்காரும் மாரியக்கா, கோடு தொடும்வரை செருகிக்கொண்டே போகிறாள். எண்ணினேன். நூற்றுப் பதினேழு. "போட்டுத் தொலைடி. அவுககிட்ட எதுக்கு வம்பு?"

மாட்டேன். பதினேழும் சும்மா வந்ததா?

சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேல் வைத்து அளந்தது:

1 – 9
2 – 9.5
3 – 10
10 – 13.5
20 – 18.5

முதல் கூம்பு மட்டும் முழு உயரம். அப்புறம் ஒவ்வொன்றும் அரை செ.மீ. தான் வெளியே நீட்டுகிறது. இரட்டித்தபோது அந்த முழு உயரத்தை இரண்டு தடவை சேர்த்துவிட்டார். இவர்தான் போர்மேன்.

10 ஜூலை, வியாழன்

பத்தாம் வகுப்பில் படித்த கூட்டுத் தொடர்வரிசை. a + (n–1)d. என் a = 9, d = 0.5. சுருக்கினால்: எண்ணிக்கையில் பாதி, அதோடு எட்டரை. 50க்கு 33.5, சரி. 100க்கு 58.5. என் அடுக்கு அதே அளவுதான். இன்றுதான் சோறு இறங்கியது.

போர்மேனிடம் சொன்னேன். "நாளைக்குக் கோட்டைத் தொடலேன்னா வேலைக்கு வராத" என்றார்.

பயம்தான். இரண்டு பிள்ளைகள். ஆனாலும் ஒரு கூம்பு கூடுதலாகச் செருக மாட்டேன்.

11 ஜூலை, வெள்ளி

புழுதிக் காற்று. கரண்ட் பில் மறந்துவிட்டது.

லோடு ஏற்றும் நேரம். அவர் முன்னால் போய் நின்றேன். "ஏதாச்சும் ஒரு எண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. அளக்காமலே நீளத்தைச் சொல்லுதேன்."

"எழுவத்திரெண்டு." சிரித்தார்.

"நாப்பத்து நாலரை."

மாரியக்கா சத்தமாக எண்ணிச் செருகினாள். அவரே ஸ்கேலை வைத்தார். 44.5.

"தொண்ணூறு."

"அம்பத்து மூணரை."

அளந்தார். மூன்றாவது எண் கேட்கவில்லை. கோட்டைச் சுரண்டி 58.5இல் புதிதாகப் போட்டார். "சரி, போ. வேலையப் பாரு."

போகவில்லை. "அம்புட்டுப் பேரு முன்னாடி களவாணின்னீக. அம்புட்டுப் பேரு முன்னாடி இல்லைன்னு சொல்லுங்க."

வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"செல்வி களவாணி இல்ல," என்றார், தரையைப் பார்த்து.

உள்ளேயிருந்து மாரியக்கா: "இங்கன கேக்கல."