ஷேர் ஆட்டோவில் கேட்ட பாட்டு

ஜூன் 12
கோத்ரூடில் ஒரு கஃபேயில் பாடினேன். கோகுல்நாத் கிடார். கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது. ஹாஸ்டலில் நான் தமிழில் பாட்டெழுதத் தொடங்கியதே யாருக்கும் புரியாது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றுதான். இப்போது புரியவில்லையே என்று ஏக்கம்! "ஆல்பம் போடலாம் கோதை, ரெக்கார்டிங்கை என்கிட்ட விடு" என்றான் கோகுல். மூன்று வருஷமாகச் சொல்கிறான்.

ஜூலை 3
அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டு ஷேர் ஆட்டோவில் தேஹு ரோடு திரும்பிக்கொண்டிருந்தோம். டிரைவரின் ஸ்பீக்கரில் என் பாட்டு! போன வருஷம் ஆபரேஷன் முடிந்து அம்மா கண் திறக்காமல் கிடந்தபோது, வார்டு வாசலில் உட்கார்ந்து போட்ட மெட்டு. வார்த்தைகள் மட்டும் இந்தி - ஏதோ பார்ட்டி, ஏதோ சிவப்புக் கார். பாடுவது யாரோ ஒருத்தி.
அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "நம்ம பாட்டுன்னா இது! யாருடி பாடறா?"

ஜூலை 4
என் மெட்டைக் கொடுத்தது நீயா என்று கேட்டேன். கோகுல் மறுக்கக்கூட இல்லை. "கிடார் நான்தானே வாசிச்சேன்? உன் தமிழை இங்க யாரு கேக்கப்போறா?"
எங்காத்துல உக்காந்து சாப்ட்டவன். அந்தப் பாட்டு எதுக்குப் பொறந்ததுன்னு தெரிஞ்சவன். எப்படிடா மனசு வந்தது? இதைக்கூட அவன்கிட்ட கேக்கலை.

ஜூலை 5
பாடவில்லை.

ஜூலை 13
அந்த இந்திப் பாட்டைப் பாடியவளே வீடு தேடி வந்துவிட்டாள். ரீனா, பக்கத்து நிக்டியில் வளர்ந்த தமிழ்ப் பெண். அதே மெட்டை நான் பாடும் கஃபே வீடியோவை யாரோ அவளுக்கு அனுப்பினார்களாம். "காட் ப்ராமிஸ் அக்கா, எனக்குத் தெரியாது. கோகுல் தன் பாட்டுன்னுதான் சொன்னான்."
திட்டத்தான் கதவைத் திறந்தேன். "ஒரு தடவை தமிழ்ல பாடுங்களேன்" என்றாள். பாடினேன். பாதியில் அவளும் சேர்ந்துகொண்டாள். அம்மா அழுதுவிட்டாள்.
எனக்கோ வேறு அதிர்ச்சி. என்னைவிட நன்றாகப் பாடுகிறாள்.

ஜூலை 20
ரீனா உண்மையையெல்லாம் வீடியோவில் சொல்லிவிட்டாள். நான் கேட்கவேயில்லை. கோகுல் அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த பாட்டுகள் போச்சு.
"ஏண்டி இப்படிப் பண்ணின?"
"உங்க அம்மா அழுத பாட்டு அக்கா. அதுக்கு நான் டான்ஸ் ஆடியிருக்கேன்."

ஆகஸ்ட் 18
ரீனாவின் தோழி பானு, கணபதி ஊர்வலத்தில் டோல் மேளம் அடிப்பவள், எங்களோடு டிரம்ஸ் வாசிக்க வந்தாள். முதல் அடியில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். கிடார் இனி நான்தான் - பிடிக்கத் தெரிந்தது நாலு கார்டு. இது பேண்டா? பேண்டுதான் போலிருக்கிறது.

அக்டோபர் 6
முதல் மேடை. அம்மாவின் பாட்டை ரீனா தமிழில் பாடி முடித்தாள். பின்வரிசையில் ஒருவன், "அரே, கார் பாட்டோட காப்பி!" என்று இந்தியில் கத்தினான். ஒரே சிரிப்பு. என் விரல்கள் கம்பியிலேயே நின்றுவிட்டன.
விளக்கம் சொல்ல ரீனா மைக்கை இழுத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். பானுவைப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எழுதிய பாட்டை அவள் தொடங்கினாள்.
கத்தியவன் என்ன ஆனான் என்று பார்க்க மறந்துவிட்டேன்.