நீலக் கோப்பைக்கு ஓர் இடம்

பக்கத்து வீட்டில் இன்று சிமெண்டு குழைக்கிறார்கள். வேலைக்குக் கிளம்பியவள் அந்த ஈர வாடையில் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, தோழி.

மூணாறு மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்தின் கடைசி வீட்டை, என் வீட்டை, மூடியபோது என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். நான் கொழுந்தெடுக்கப் போயிருந்தேன். அன்றோடு எனக்குப் பேச்சு நின்றது. அழுகைகூட வரவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர்.

நீயோ வேலை முடிந்ததும் போய் அந்தச் சேற்றைக் கிளறினாய். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள், பீரோக் கண்ணாடி, அவர் டீ குடிக்கும் நீலக் கோப்பை எல்லாம் துண்டு துண்டாக உன் சாக்கில் சேர்ந்தன.

"இந்தக் குப்பைய வச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"அவ குடும்பம் நடத்துன சாமான் சார். குப்பைன்னு சொல்லாதீங்க" என்றாய்.

எனக்குப் புது வீடு கிடைத்தது. சித்தாள் வேலை பார்த்த அனுபவத்தில் நீயே முன்சுவரில் சிமெண்டு பூசினாய். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு துண்டாகப் பதித்தாய். தட்டுகள் வெள்ளைப் பூக்களாயின. கண்ணாடிச் சில்லுகள் இலைகளாயின. கடைசியில் நீலக் கோப்பையின் துண்டை எடுத்து, கீழே, சாக்கடை ஓரமாக அழுத்தப் போனாய்.

"அங்க வேண்டாம்" என்றேன். "மேல வையி. வெயில் படட்டும்."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நீ கரண்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாய். "ஏட்டி, எல்லாரும் வாங்க, இவ பேசிட்டா!" லயமே கூடிவிட்டது. உன் சிமெண்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அன்றுதான் அவருக்காக அழுதேன்.

"வேணும்னுதாம்டி அங்க வைக்கப் போனேன்" என்று பிறகு சொன்னாய். "நீ சண்டைக்கு வருவேன்னு தெரியும்."

அடுத்த ஞாயிறே ஆளாளுக்கு உடைந்த சாமான்களோடு வந்தார்கள். இன்று நம் வரிசையில் பூக்காத சுவர் கிடையாது. சுற்றுலா ஜீப்புகள் நின்று பார்த்துவிட்டுப் போகின்றன.

போன மாதம், மழைக்கு முன்னால் மேல் லயத்துக்குத் தடுப்புச் சுவர் கேட்டு, பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்தேன். "சீக்கிரம் முடிங்க" என்றார்கள். முடிக்கவில்லை. ஒவ்வொரு மழையிலும் மண்ணுக்குள் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பெயரைச் சொன்னபோதும் குரல் உடையவில்லை. சுவருக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். நாளை கலெக்டரைப் பார்க்கப் போகிறோம், அடுத்த லயத்துக்காக. நான்தான் பேசப்போகிறேன்.