சைபரும் செல்லும்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பாவும் நானும் உன் தம்பியும் நன்றாயிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி. போனில் கேட்டால் எல்லாம் நல்லாயிருக்கும்மா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். தவிர இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியில் நான் அழுதுவிடுவேன், இல்லை நீ சிரித்துவிடுவாய். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே பொறுக்காது. உன் அம்மா ஜெயித்துவிட்டாள்.

நம் சபைக்கு ஒரு ஆப் வரப்போகிறது, காணிக்கையைப் போனிலேயே கொடுத்துவிடலாம் என்று சொன்னேனே, அதில் என்னென்ன வசதி வைப்பது என்று முடிவு செய்ய ஐந்து பேர் கமிட்டி போட்டார்கள். போதகர், செயலாளர், பாட்டு வாத்தியார், ஞாயிறு பள்ளி டீச்சர், ஐந்தாவது ஆள் நான். எனக்கு மெசேஜ் அனுப்பவே உன் தம்பி வேண்டும், என்னை எதற்குப் போட்டீர்கள் என்று போதகரிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, இருபத்திரண்டு வருஷமா காணிக்கைப் பை தைக்கிறது நீங்கதானே, இதுவும் ஒரு பைதான் என்றார். உன் அப்பா சும்மா இருப்பாரா, பை தைக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க, போறப்ப வாயையும் தைச்சுக்கிட்டுப் போ என்று வழியனுப்பினார்.

பாடகர் குழுவின் அங்கிகள் தொங்குமே, அந்தச் சின்ன அறையில்தான் கூட்டம். ஆப் செய்கிற பெண் லேப்டாப்போடு வந்திருந்தாள், உன் வயதுதான் இருக்கும், ஒவ்வொரு வசதியையும் மஞ்சள் சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிக்கொண்டே வந்தாள். மாதாமாதம் தானாகப் போவது, ரசீது, கட்டடத்துக்கா நோயாளிகளுக்கா என்று தேர்ந்தெடுப்பது, எல்லாம் சரி. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்றேன், ஒட்டினாள். விரல் தடுக்கி ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றேன், அடடா என்று சொல்லி, அனுப்புமுன் ஒரு தடவை கேட்கும், அனுப்பிய பிறகும் ஒரு நாள் வரை திருப்பி வாங்கலாம் என்று அதையும் ஒட்டினாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்.

அப்போதுதான் செயலாளர் பேசினார். பெயிண்ட் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். நல்ல மனிதர், கூரை ஒழுகியபோது ஏணி வைத்து முதலில் ஏறியவர், அதை மறைக்கக் கூடாது. அவர் யோசனை, பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை, ஆராதனை நடக்கும்போதே யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பேர் ஓட வேண்டும், ஒவ்வொரு பேருக்கும் டிங் என்று மணி, மாதத்தின் முதல் பத்துப் பேருக்கு நட்சத்திரம். பேரைப் பார்த்தா நாலு பேருக்கு உற்சாகம் வரும்ல என்றார். திரை அவர் செலவு, ஆப்புக்கும் பாதி அவர் செலவு. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் இது சரிவராது என்றேன். ஏன் என்று கேட்டார்கள், என்னமோ மனசுக்குப் படலை என்று மழுப்பினேன். காலம் மாறிப்போச்சுக்கா, எல்லாத்துக்கும் பயந்தா எப்படி என்று செயலாளர் மெதுவாகத்தான் சொன்னார். சுருக்கென்றது. போதகர் அடுத்த வாரம் முடிவு செய்வோம் என்று எழுந்துவிட்டார்.

அந்த ஒரு வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை, ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்து வைத்தேன். காரணம் எனக்குத் தெரியும், வெளியே சொல்லத்தான் தைரியமில்லை. இப்போது உனக்கும் சொல்கிறேன். உனக்கு ஒன்பது வயதில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து முதுகு போய் மூன்று வருஷம் படுத்திருந்தார். அந்த மூன்று வருஷமும் காணிக்கைப் பையில் நான் ஒரு காசு போட்டதில்லை. அப்போதிருந்த பை மெல்லிய துணி, காசு விழுந்தால் கலீரென்று கேட்கும், கேட்காவிட்டால் பக்கத்து ஆள் திரும்பிப் பார்ப்பார். நான் பொத்தான் போட்டேன். நம் வீட்டுப் பழைய துணியில் அறுத்த பொத்தான், தைக்கக் கொடுத்தவர்கள் பொத்தானை ஒருநாளும் தொடவில்லை. உன் பள்ளிச் சட்டையில் கைப் பொத்தானைத் தொலைத்துவிட்டாய் என்று உன்னை ஒரு தடவை திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா. அது நான் எடுத்ததுதான். மன்னித்துக்கொள் கண்ணு.

அடுத்த கூட்டத்துக்கு நான் தைத்த பை ஒன்றைக் கையோடு கொண்டுபோனேன். செயலாளரிடம் நீட்டி, ஒரு காசு போடுங்க தம்பி என்றேன். போட்டார். சத்தமே இல்லை. உள்ளே கையை விட்டு உள்துணியை வெளியே இழுத்துக் காட்டினேன், இரண்டு அடுக்கு மெத்தென்ற பிளானல் துணி. கையில் காசு வந்ததும் நான் சபைக்குக் கொடுத்த முதல் காணிக்கை இந்தப் பைதான், எனக்குப் பிறகு யாரும் பொத்தான் தேடக் கூடாது என்றுதான் இப்படித் தைத்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்னைக்கு அந்தத் திரை இருந்திருந்தா ரெண்டாவது வாரமே நான் கோயிலுக்கு வர்றதை நிறுத்தியிருப்பேன் என்று முடித்தேன்.

செயலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தப் பட்டன் நீங்களாக்கா என்றார். அவருடைய அப்பாதான் அப்போது பொருளாளர், காணிக்கை எண்ணும்போது இவரும் கூட உட்காருவாராம், பொத்தான் வரும் ஒவ்வொரு வாரமும் யாருடைய குறும்பு என்று சிரிப்பாராம். ஒருநாள் அவர் அப்பா, சிரிக்காதடா, யாருன்னு தேடவும் செய்யாத, அவங்க வர்றாங்கல்ல, அது போதும் என்றாராம். இதைச் சொல்லிவிட்டு மனிதர் எழுந்துபோய்த் திரை என்று எழுதிய மஞ்சள் சீட்டைத் தன் கையாலேயே பிய்த்தார், மணிச் சீட்டையும் நட்சத்திரச் சீட்டையும் சேர்த்து. ஆப்புக்குப் பாதி நான் தர்றேன், அதையும் பேர் போடாம எழுதிக்குங்க என்று அறையே கேட்க அறிவித்தார், எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அந்தப் பெண் மட்டும் பேனாவோடு யோசித்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி, சைபர்னு அடிச்சா வழக்கமா சிவப்பு எழுத்துல தவறுன்னு வரும், அதை என்ன பண்றது என்றாள். சைபரும் செல்லும்னு எழுதும்மா என்றேன். எவ்வளவு கொடுத்தாலும் ஒரே நன்றி, ஒரே வரி, சத்தமில்லாமல். ஐந்து கையும் உயர்ந்தன.

என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன், அவருக்கும் அதுவரை தெரியாது. கடைத்தெரு நடுவில் நின்றுவிட்டார். என் சட்டைப் பட்டனெல்லாம் அங்கதான் போச்சா என்று சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தார். வீடு வரைக்கும் என் கையை விடவில்லை, தெருவில் போவோர் பார்த்தால் பார்க்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு ஆப் தொடங்கியது. பாட்டு நடக்கும்போது எல்லோரும் குனிந்து கட்டைவிரலால் தட்டினார்கள், பையும் ஒரு பக்கம் வந்தது. நான் கொடுத்துவிட்டு நிமிர்ந்து சபை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று தைக்கிற என் கண்ணுக்கே தெரியவில்லை. ஆராதனை முடிந்து அந்தப் பெண் என்னிடம் வந்து, நூத்து நாப்பத்தாறு பேர் ஆன்ட்டி, அதுல பதினோரு சைபர் என்றாள். பேர் அவளுக்கும் தெரியாது. பதினோரு பேர் மகளே, அத்தனை பேரும் நம்மோடு கடைசி ஆசீர்வாதம் வரை உட்கார்ந்திருந்து, கைகுலுக்கி, டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

இருவரும் ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இருங்கள், உங்கள் கைவேலையெல்லாம் ஆண்டவர் வாய்க்கப் பண்ணுவார். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையின் இடுப்பளவை மறக்காமல் எழுது, போன தடவை நான் உத்தேசமாகத் தைத்த பேண்ட்டை அவர் கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா