கூரை வியர்த்த குளிர்காலம்

அன்பு மைத்துனன் அன்ரனுக்கு,

நீ போய் ஒரு வருடம் முடிகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டுமாம். "நீங்கள்தானே படிச்ச ஆள்" என்கிறா உன் அக்கா றீற்றா. மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

முதலில் வீட்டுச் செய்தி. இங்கே சென் லோரனில் இந்த முறையும் பனி கடுமை. ஆனால் சீலிங் காய்ந்து கிடக்கிறது. சோற்றுப் பானை மூடியோடுதான் கொதிக்கிறது. குளித்து முடிந்த பிறகும் குளியலறை விசிறியை அரைமணி நேரம் ஓட விடுகிறோம். பரண் வாசலை மூடும் பலகையைச் சுற்றி நீ ஒட்டிய ரப்பர் பட்டி ஓரிடத்தில் கழன்றது. நானே ஒட்டினேன். சரியாக ஒட்டினேனா என்று இரண்டு நாளாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். றீற்றா கண்டுவிட்டா. "அன்ரன் எண்டால் ஒருக்கா ஒட்டிப்போட்டுத் தன்ர வேலையைப் பாக்கப் போயிருப்பான்."

நீ இல்லாத வீட்டிலும் உன்னோடுதான் எனக்குப் போட்டி.

நாங்கள் அகதியாய் வந்த முதல் குளிர்காலம் நினைவிருக்கிறதா? தை மாதத்தில், கொஞ்சம் வெயில் எறித்த ஒரு நாள், எங்கள் கட்டிலுக்கு மேலே சொட்டத் தொடங்கியது. கூரை ஒழுகுது என்றேன் நான். நீ பரணில் ஏறி ரோச் லைற் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் கீழே நீட்டினாய்.

"ஒழுகேல்லை அத்தான். கூரை வியர்க்குது."

முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன் நான். மினுக்கிய குவளையில் ஐஸ் போட்டுப் பனிபடுநிலையை எத்தனை வகுப்புக்குக் காட்டியிருப்பேன்? எங்கள் குசினியில் சமைக்கிற ஆவி இடுக்குகளால் மேலே போய், குளிர்ந்த பலகையில் உறைந்து, வெயிலுக்கு உருகுகிறது. அதை நானல்லவா கண்டுபிடித்திருக்க வேண்டும்? பௌதிகத்தில் இரண்டு தரம் பெயிலான நீ ஒரே சொல்லில் சொல்லிவிட்டாய். எனக்கு நன்றி வரவில்லை. பொறாமைதான் வந்தது.

பிறகு நீ போர்வைத் துண்டுகளோடு இறங்கி வந்தாய். பரணுக்குள் காற்றுப் போய்வர இறவாரத்தில் விட்டிருந்த துவாரங்களை அவை அடைத்துக் கிடந்தனவாம். ஈரத்துக்கு வெளியேற வழியே இல்லை. கார்த்திகையில், நீங்கள் இருவரும் வேலைக்குப் போன நேரத்தில், அடைத்தவன் நான். கூரையில் ஓட்டை கண்டால் அடைத்துத்தானே எங்களுக்குப் பழக்கம்? கோயிலில் தந்த போர்வைகளை அளவாக வெட்டி, துண்டுக்குத் துண்டு இலக்கமும் போட்டிருந்தேன். நீ என் கையெழுத்தைக் கண்டாய். இலக்கம் தெரியாதபடி உட்பக்கமாகச் சுருட்டிக்கொண்டாய்.

கீழே இருந்த வீட்டுச் சொந்தக்காரர் விஷயம் அறிந்து மேலே ஓடி வந்து பிரெஞ்சில் கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் நிலத்தைப் பார்த்தேன். கூரைக்கும் குளிரும் என்று நினைத்து நீயே அடைத்ததாக, உன் அரைகுறைப் பிரெஞ்சில், "மெசியே, மெசியே" என்று கைகூப்பிச் சொன்னாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மடையா, கூரைக்குச் சட்டை தைச்சனியோ?" என்று உன் தலையில் குட்டிவிட்டு, உனக்கே தேத்தண்ணியும் ஊற்றித் தந்தா றீற்றா. பழியை ஏற்றபோதும் கொண்டாட்டம் உனக்குத்தான். குற்றவாளிக்கு ஒரு மிடறுகூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு எந்தத் தமிழ் வீட்டில் சீலிங் நனைந்தாலும், "கூரைக்குச் சட்டை போட்ட அன்ரனைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். அந்தப் பகிடிகூட நியாயப்படி என்னுடையது. நீ ஏன் ஒருநாளாவது என்னைக் கோபிக்கவில்லை? உன்னை வெறுக்க ஒரு காரணமாவது எனக்குக் கிடைத்திருக்குமே.

ஞாயிறு உன் நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள். நான் எழும்பி நின்று இதை வாசிப்பேன். அடைத்தவன் நான் என்ற இடத்தில் குரல் இறங்காமல் வாசிப்பேன். வாசித்து முடிய, "பாத்தியளோ, எங்கட அன்ரன் எப்பிடிப்பட்ட பிள்ளை!" என்றுதான் சொல்லப் போகிறார்கள். என்னைத் திட்டக்கூட ஒருவருக்கும் தோன்றாது.

அது தெரிந்தும் வாசிப்பேன், அன்ரன்.

உன் அக்காவைக் கட்டிய
அத்தான்