கடைசி வரி என்னுடையது

ஜூலை 7, திங்கள்

இன்று சொல்லாமலே திரும்பி வந்த விஷயம்: விண்ணப்பத்தின் கடைசி வரி பேச்சியக்காவுடையது அல்ல, என்னுடையது.

மழை. ஜீப் இல்லை. தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் வரை நடை. பேச்சியக்கா தேயிலை எஸ்டேட் ஆபீஸ் தாளை நீட்டினார். மலையாளம். மகள் சுகன்யா சான்றிதழ் சரிபார்க்கக் கீழே தொடுபுழா போயிருந்தாள்.

“படிங்க டீச்சர். மேட்டுக் காட்டுச் சரிவுலருந்து மாத்திட்டாகளா?”

படித்துச் சொன்னேன். உடல்தகுதி இல்லை, பெயர் நீக்கம். முப்பது நாளில் வீடு காலி. அல்லது குடும்பத்தில் பதினெட்டு நிறைந்த ஒருவர் வேலைக்குப் பெயர் கொடுக்கலாம்.

குடும்பமே இரண்டு பேர். சுகன்யாவுக்கு மே மாதம் பதினெட்டு நிறைந்தது. எங்கள் தொண்டு நிறுவனத்தின் மாலை வகுப்பில் நான்கு வருடம் படித்தவள். பி.எஸ்சி. தாவரவியல் சீட். அடுத்த திங்கள் சேர வேண்டும்.

“மேட்டுக் காடு வேண்டாம்னுதானே கேட்டேன்? வேலையே வேண்டாம்னா கேட்டேன்?” சுவரைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

விண்ணப்பம் எழுதக் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “முட்டி வீங்குது, சரிவு இல்லாத காட்டுல போடச் சொல்லுங்க.” முட்டி வலியை யார் மதிப்பார் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். ‘இனி இந்த வேலையைச் செய்ய இவரால் இயலாது.’

திட்ட அறிக்கை எழுதிப் பழகிய கை. நிதி தருபவர்களுக்கு நிலைமை மோசமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கஷ்டம் என்றால் ஒன்றும் கிடைக்காது. அதே வரியை எஸ்டேட் ஆபீஸ் வேறு மாதிரி படிக்கும் என்று தோன்றவே இல்லை. படித்த புத்தகங்கள் எல்லாம் எதற்கு?

கைநாட்டு வைத்தவரைக் கையெழுத்துப் போடப் பழக்கியதும் நான்தான். அந்த விண்ணப்பத்தில்தான் முதல் கையெழுத்து. எல்லோரும் கைதட்டினோம்.

ஜூலை 9, புதன்

ஆபீஸ் கிளார்க்கிடம் சொல்லிவிட்டேன். அந்த வரி நான் எழுதினது, வேறு எழுதித் தருகிறேன் என்று. அவர் சிரித்தார்.

“கையெழுத்து ஆரோடது டீச்சரே? அவங்களோடதுதானே? டாக்டரும் பாத்தாச்சு. பேர் வெட்டியாச்சு. இனி புதுப் பேர் மட்டுந்தான்.”

கிளார்க்கிடம் சொல்ல முடிந்தது. பேச்சியக்காவிடம் முடியவில்லை.

மதியம் எங்கள் ஒருங்கிணைப்பாளர் சாரிடம் கேட்டேன். ஏதாவது வாடகை உதவி?

“வீடு நம்ம ப்ராஜெக்ட்ல இல்லல்லோ. அந்தக் குட்டிக்குப் பதினெட்டும் ஆச்சு.”

பதினெட்டு. எங்களுக்கு அவள் குழந்தை இல்லை, எஸ்டேட்டுக்கு ஆள்.

வாங்க: சாக்பீஸ், மெழுகுவத்தி, குடைக்கு ஊசி நூல்.

ஜூலை 10, வியாழன்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அப்பா போன்.

“ஏஞ்சாமி, ஊட்டுக்கு எப்ப வர்றே? மழையில நனையாதே.”

எங்கள் வீட்டில் மூன்று அறை சும்மா. ஒன்றில் தேங்காய். “அப்பா, ஒரு அம்மாவும் பொண்ணும் கொஞ்ச நாள் தங்கலாமுங்களா?” என்றேன்.

“ஆரு அம்மிணி? என்ன ஆளுக?”

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

ஜூலை 12, சனி

வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். கூரை ஒழுகி உலக வரைபடம் நனைந்துவிட்டது. ஐந்து மணிக்கு பேச்சியக்கா, நொண்டிக்கொண்டு. கூட சுகன்யா. அக்கா பையில் எனக்கு பீன்ஸ். வாங்கிக்கொண்டேன்.

சுகன்யா கையில் ஒரு தாள். அவளே எழுதிய விண்ணப்பம். அம்மா இடத்துக்குத் தன் பெயர். மூன்றே வரி. ஒரு பிழை இல்லை.

“டீச்சர்கிட்ட குடுத்து எழுதுடி. அவுக அழுத்தமா எழுதுவாக.”

“அழுத்தமா எழுதுனது போதும்மா.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். நான் மலையாளத்தில் எழுதிய பழைய விண்ணப்பத்தின் நகல் அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. அவளுக்கு மலையாளம் நன்றாகவே வரும்.

“எதுக்குடி மூஞ்சியத் தூக்குற? டீச்சரு எழுதப் போய்த்தான் ஆபீஸ்ல இம்புட்டுச் சீக்கிரம் பதிலு வந்துச்சு. நாங்க குடுத்தா வருசம் ஆவும்.” நன்றியாகவே சொன்னார். பிறகு அழ ஆரம்பித்தார்.

“அழாதம்மா. பாட்டனிதானே? செடி இங்கயும் இருக்கு.”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சுகன்யாவும் சிரித்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பீன்ஸ் இன்னும் பையிலேயே.

ஜூலை 14, திங்கள்

மழை இல்லை. மாத அறிக்கை அனுப்பினேன். ‘வேலை பெற்ற இளம்பெண்கள்’ கட்டத்தில் சுகன்யா பெயரைப் போடச் சொன்னார் சார். போட்டேன்.

சுகன்யா இன்று வேலைக்குச் சேர்ந்தாள். மேட்டுக் காட்டில் போட்டிருக்கிறார்கள்.