திருவுக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து

என் அருமைத் தங்கச்சி அஞ்சலைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். ஆமாம், நானேதான்! நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதவில்லை. எழுபது தாண்டியபிறகு எழுதப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டுமே. உனக்கு இப்போது என்ன அவசரம்?

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் குப்பத்தில், வலை சரிசெய்ய ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு உன் பெயர். சிரிக்கிறாயா? பொம்பளை கால் படக்கூடாது என்று அப்பாவின் படகிலிருந்து உன்னை இறக்கிவிட்ட அதே ஊர்தான்.

அன்றைக்கு நீ அழவில்லை. "இத விடப் பெருசுல ஏறிக் காட்டறேன் பாரு" என்றாய். சிதம்பரத்தில் படித்தாய். பெண்களைக் கடற்படை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கிய முதல் வருஷங்களிலேயே உள்ளே போனாய். வெள்ளை உடுப்போடு நீ சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கியபோது மச்சான் கலியபெருமாள் கேட்டானே, ஞாபகம் இருக்கிறதா?

"எந்த ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கிற?"

"பெரிய ஆஸ்பத்திரி மாமா. தண்ணியில மெதக்குது."

கப்பலுக்கு வேண்டிய எண்ணெய், அரிசி, உதிரி சாமான் எல்லாம் உன் பொறுப்பு. பல வருஷம் கரையில் வேலை, அப்புறம் கப்பலிலேயே. கடைசியில் கமாண்டர். கடலில் பயமாக இல்லையா என்று போனில் கேட்டேன். "கடலுக்கு ஆம்பள பொம்பள தெரியாதுண்ணே. மேல நிக்கறவங்களுக்குத்தான் தெரியுது" என்றாய்.

நேற்று கூடத்துக்குப் பலகை வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'கமாண்டர் திரு அஞ்சலை வலைக்கூடம்.' முதலில் என் படிப்பின் மேல்தான் சந்தேகம். மறுபடி படித்தேன். திருவேதான்.

கலியபெருமாள்தான் இப்போது ஊர்த் தலைவர். "திரு ஆம்பளைக்குப் போடறது மச்சான்" என்றேன்.

"தெரிஞ்சேதான் போடச் சொன்னேன். கமாண்டர்னா எவ்ளோ பெரிய பதவி! அதுக்குத் திருதான் மரியாத. உடு மச்சான், எவன் நின்னு படிக்கப் போறான்?"

"நான் படிப்பேன்."

எனக்குக் கோபம் ஜாஸ்தியாகிவிட்டது. நீ ஆம்பளையாக மாறியா அந்தப் பதவியை வாங்கினாய்? செத்தபிறகு ஆக்குவார்களா? படகுக்கு அடிக்கிற நீலப் பெயிண்டை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். திருவை ஒட்டி 'மதி' என்று எழுதினேன். இடம் போதாமல் இரண்டு எழுத்தும் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டன. என் வாழ்நாளில் ஊர் பார்க்க நான் எழுதிய முதல் எழுத்து!

கீழே ஒரே சிரிப்பு. கலியபெருமாளின் மகள் தேவகி மீன்கூடையோடு நின்றாள். "ஐயோ மாமா, கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் திருமதி. சின்னம்மா கல்யாணமே கட்டிக்கலியே!"

அது எனக்குத் தெரியாது. வகுப்பில் இன்னும் அதுவரைக்கும் வரவில்லை.

"பாத்தியா? நாலு எழுத்து கத்துக்கிட்டு பலகைய நாசம் பண்ணிட்ட. அழி" என்று கத்தினான் கலியபெருமாள்.

"அழிக்க மாட்டேன். திருவ நீ எழுதின, மதிய நான் எழுதினேன். ரெண்டும் சேரலன்னா தனித்தனியா படி. மதின்னா என்னா மச்சான்? மரியாத குடுன்னு அர்த்தம். அவள அவளாவே மதி!"

தேவகி கூடையை இறக்கி வைத்தாள். மண்ணெண்ணெய்த் துணி ஒன்றை என்னிடம் நீட்டினாள். "அப்ப அப்பா எழுதுனத அழிங்க மாமா. சின்னம்மாவுக்குக் கமாண்டரே போதும்."

அழித்தேன். ஏணி ஆடியது. "உழுந்து தொலையாத" என்று திட்டிக்கொண்டே கலியபெருமாள் அதைப் பிடித்துக்கொண்டான்.

நாளைக்குத் திறப்பு. பலகையில் கமாண்டர் அஞ்சலை என்று இருக்கிறாய். நடுவில் என் 'மதி' மட்டும் கோணலாக, நீலமாக நிற்கிறது. அதன்மேல் வெள்ளை அடித்து மறைக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். மறைக்கட்டும். மறுபடி எழுதுவேன். உப்புக்காற்றில் உன் பெயர் உதிர்ந்தால் அதையும் எழுதுவேன். இது அண்ணன் உனக்குக் கொடுக்கும் வாக்கு. ஏணி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது.

கமாண்டருக்கே மூத்தவன்,
உன் அண்ணன் ஏழுமலை