நாக்கில் வைத்துப் பார்க்கும் மா

அக்கா,

நேற்று பேத்தி கம்பசிலிருந்து வந்தாள். பையைத் திறந்ததும் அந்த வாடை வீட்டுக்குள் ஏறியது. வெளுக்கிற மருந்தும் ஊறின மாவும் கலந்த வாடை. உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? சின்னப் போத்தல் ஒன்றில் வெள்ளை மா கொண்டு வந்திருந்தாள். மரவள்ளி மாவில் மருந்து கலந்து, அதன் குணத்தை மாற்றி, கழுவிச் சுத்தமாக்குவதுதான் அவள் படிப்பாம். அஞ்சாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடை கட்டினவளுக்கு இப்படி ஒரு பேத்தி என்று தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். நேற்று மட்டும் வாய் வரவில்லை.

தெரணியகலை ரோட்டில் இருந்த மா ஸ்டோருக்கு நாம் இருவரும் வேலைக்குப் போனோமே. பீப்பாய் மாவில் மருந்தை ஊற்றிக் கிண்டுவோம். அப்படிச் செய்தால் காய்ச்சும்போது கட்டி தட்டாது, கண்ணாடி போல ஓடும், காகிதத்துக்கு மினுக்குப் பூச நல்லது என்பார்கள். பிறகு மருந்து போகும்வரை கழுவ வேண்டும். போய்விட்டதா என்று தோய்த்துப் பார்க்க, வேலையை மேற்பார்த்த மஹத்தயா கடுதாசித் துண்டு கொடுத்திருந்தார். நீங்கள் அதைத் தொடவே மாட்டீர்கள். வீட்டில் கித்துள் மரத்து மாவுக்குத் துவர்ப்புப் பார்ப்பது போல, மேல் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பீர்கள்.

"எப்பா, எப்பா. வாயில வைக்க வேணாம். இது கித்துள் இல்ல" என்று அவர் பதறுவார்.

"கடுதாசிக்கு என்னங்க மஹத்தயா தெரியும்? அது என்னைக்காவது கஞ்சி குடிச்சிருக்கா?" என்பீர்கள். ஸ்டோரே சிரிக்கும். நானும்தான்.

ஒருநாள் என் சம்பலைத் தொட்டுவிட்டு, "உப்பே போடலியாடி?" என்றீர்கள். கரிக்கக் கரிக்கப் போட்டிருந்தேன். கேலி என்றே நினைத்தேன். அப்புறம் உங்கள் நாக்கு வெளுத்தது. "வெத்தலப் புண்ணுடி" என்றீர்கள். அப்புறம் பிளேன்டீயும் இறங்கவில்லை. தொண்டையில் கட்டி என்றார்கள் பெரியாஸ்பத்திரியில். எதனால் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் கரண்டியால் உங்கள் உதட்டை நனைத்தேன். அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ கழுவணுமோ?" என்று கேட்டீர்கள்.

நேற்று பேத்தி பேசிக்கொண்டே போத்தலைத் திறந்து, ஒரு சிட்டிகை மாவை நாக்குக்குக் கொண்டுபோனாள். கையைத் தட்டிவிட்டேன். மா தரையெல்லாம் சிந்தியது.

"என்ன அம்மாயி, கழுவினதுதானே. கித்துளுக்கு நீங்க பாக்குற மாதிரிதான்."

"அங்கயும் இப்படித்தான் பாக்குறியா?"

"மெஷின்ல பாத்துச் சொல்ல நேரமாகும். சும்மா ஒரு துளிதான்" என்று சிரித்தாள். உங்கள் சிரிப்பு, அக்கா.

இன்று காலை அவளுக்கு ரொட்டியும் சம்பலும் வைத்தேன். ஒரு வாய் பிட்டுப் போட்டவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாயி, உப்புப் போட மறந்துட்டீங்களா?"

அவள் தட்டிலிருந்த சம்பலை விரலால் தொட்டு, நீங்கள் பழக்கின மாதிரியே நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

கரித்தது, அக்கா.